ஆளில்லாக் காரும் மேட்டில் நின்ற அழகனும்

காரை வைத்து வித்தை காட்டுகிறவனைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசியாயிற்று. அவன் சுலபமான ஆள். கையிலோ காலிலோ கட்டுப் போட்டிருப்பான். கட்டைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம். இங்கே சொல்ல வருவது இன்னொரு இனம். இந்த இனத்துக்கு எலும்பு முறிந்ததாக வரலாறு இல்லை. இது ஸ்டியரிங்கைத் தொடாது. ரோட்டில் நிற்காது. ரோட்டுக்கு மேலே நல்ல உறுதியான மண்மேடாகப் பார்த்து, அட்டைப்பூச்சி ஏறாமல் காற்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகிக்கொண்டு, கமரா போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கும். வாயில் ஒரே ஒரு சொல் இருக்கும்.

“இன்னொருக்கா.”

பார்த்திருப்பீர்கள். பிறந்தநாள் வீட்டில், குழந்தை ஊதி அணைத்த மெழுகுதிரியை மறுபடி கொளுத்தி மறுபடி ஊத வைப்பவர் அவர்தான். கல்யாண வீட்டில் ஐயரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்பவரும் அவரே. பிள்ளை விழுந்து அழுதால் தூக்கமாட்டார். அழுது முடிக்கட்டும் என்று பொறுமையாக இருப்பார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். தெளிவாக வரவேண்டும், அவ்வளவுதான்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், மேல் பிரிவான மேற்கணக்கில், தொழிலாளர் லயத்து வீடொன்றில் பிறந்த அழகன், இந்த இனத்தில் குறையில்லாத ஒரு மாதிரி.

கொழும்பில், புறக்கோட்டையில், ஒரு புடவைக்கடையில் வேலை. வருஷத்துக்கு ஒருதரம் தீபாவளிக்கு வருவான். முன்பெல்லாம் சட்டைத் துணியும் கச்சான் அல்வாவும் கொண்டுவந்தவன், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு கமரா வைத்த போன் ஒன்றைக் கொண்டுவந்தான். வந்த அன்றே அம்மா விறகுக் கட்டோடு படியேறி வருவதைப் பிடித்தான். பிடித்ததைப் பார்த்தான். முகம் இருட்டாக இருந்தது.

“அம்மா, மறுபடி கீழ போயி ஏறி வாங்க. மொகத்தக் கொஞ்சம் நிமித்தி.”

அம்மா விறகோடு கீழே போய் ஏறி வந்தாள். மகன் கொழும்பிலிருந்து வந்திருக்கிறானே.

அந்தக் காலத்தில் ஹட்டன் பஸ் நிலையத்தில் இளைஞர்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டால் புளூடூத் என்று அர்த்தம். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் படம் ஊர்ந்து போய்ச் சேரும்வரை அசையாமல் நிற்பார்கள். அழகனின் போனில் ஒரு படம் இருந்தது: எங்கோ ஒரு பாலைவன நாட்டில் ஒரு காரை இரண்டு சக்கரத்தில் சாய்த்து ஓட்டுகிறார்கள், மேலே தூக்கி நிற்கிற பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து கையசைக்கிறார்கள். இதை மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் விநியோகித்து முடித்தபின், பழனியாண்டி இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டான்.

“நம்ம பக்கத்துல யாருக்கு இந்தத் தைரியம் வரும்?”

கவனியுங்கள். செய் என்று சொல்லவில்லை. இந்த இனம் ஒருபோதும் செய் என்று சொல்லாது. பெருமூச்சோடு சரி.

பழனியாண்டிக்கு ஒரு பெரிய மீசையும் ஒரு பழைய பச்சைக் காரும் உண்டு. தோட்டத்தில் வாடகைக்கு ஓடுகிற கார் அது ஒன்றுதான். முன் கண்ணாடியில் ‘ஸ்ரீ முனியாண்டி துணை’ என்று எழுதியிருக்கும். கால் பிரேக் பிடிக்கும். கை பிரேக் இருக்கிற மாதிரி இருக்கும். அதனால் சீட்டுக்கு அடியில் ஒரு சவுக்குக் கட்டை வைத்திருப்பார், நிறுத்துகிற இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. அந்தக் காரும் கட்டையும்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டன.

இனி வினோதா. அழகனின் தங்கை, தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. வந்த வரன்களில் இரண்டை வேண்டாம் என்றவள். மூன்றாவதாகப் பொகவந்தலாவையிலிருந்து திலக்ஷன் என்று ஒருவரின் போட்டோ வந்தது. தபால் கந்தோரில் வேலை. போட்டோவை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சிக்கல் மாப்பிள்ளையின் அம்மாவிடம் இருந்தது. ராசம்மா என்று பெயர். போன வருஷம் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் தேத்தண்ணி ஆறியிருந்தது என்று எழுந்து வந்தவர். இன்னொரு வீட்டில் வாசலில் காக்க வைத்தார்கள் என்று வாசலோடு திரும்பியவர். தாயும் மகனும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து தோட்டத்துச் சந்தியில் இறங்குவதாகப் பேச்சு. பழனியாண்டியோடு போய் அவர்களைக் காரில் ஏற்றிவருவது அழகனின் பொறுப்பு.

“அண்ணே,” என்றாள் வினோதா, “அவங்க எறங்குறப்ப காரு அங்க நிக்கணும். அந்தம்மா காத்துக்கிட்டு நிக்கிற ஆளு இல்ல.”

“நான் பாத்துக்கிறேன்.”

“என்னையப் பாத்துச் சொல்லுங்க. போனப் பாத்துச் சொல்லாதீங்க.”

“போனுலதான் ஒன்னையப் பாக்குறேன். நல்லாத்தான் விழுற.”

பழனியாண்டி அன்று காரைக் கழுவி, முன்னால் செவ்வந்தி மாலை போட்டு, அதன் நெற்றியில் திருநீறு பூசிக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றுகிற கார் அல்லவா. நேரத்தோடு புறப்பட்டார்கள். நேரத்தோடு புறப்பட்டதுதான் வினை. நேரம் மிஞ்சியிருந்தது.

பாதி வழியில் முனியாண்டி கோயில். ஒரு மரம், ஒரு கல், ஒரு சூலம். அங்கிருந்து ரோடு கொஞ்சத் தூரம் நேராக இறங்கி, ஒரு வளைவில் திரும்பும். வளைவுக்கு அப்பால் சில வரிசை தேயிலை. அதற்குக் கீழே தேயிலையும் இல்லை, பள்ளம்தான். மரத்தடியில் பழனியாண்டி இறங்கிக் கும்பிட்டார். அப்போது பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. அழகன் பெருமூச்சு விட்டான்.

“என்ன மாப்ள?”

“ஒன்னுமில்ல மாமா. இந்தப் பனிக்குள்ள இருந்து ஆளே இல்லாம ஒரு காரு வந்தா எப்பிடி இருக்கும்னு நெனச்சேன்.”

அடுத்த சில நிமிஷங்களில் பழனியாண்டி முன் சீட்டில் நீட்டிப் படுத்து, ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் கதவை ஒரு சாண் திறந்து, ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானைப் பார்த்துக்கொண்டே நியூட்ரலில் இறங்கி வந்தார். வளைவுக்கு மேலே மண்மேட்டில் நின்ற அழகன் பிடித்தான். போட்டுப் பார்த்தான்.

“முழங்கை தெரியுது மாமா. இன்னொருக்கா.”

கார் உறுமிக்கொண்டு பின்பக்கமாகவே மேலே போனது. மறுபடி இறங்கியது.

“முழங்கை சரி. மீசை தெரியுது.”

மீசையைத் துண்டால் மூடிக்கொண்டு இறங்கினார். இப்போது துண்டு தெரிந்தது.

இதற்கெல்லாம் பழனியாண்டி ஏன் உடன்பட்டார் என்று கேட்பீர்கள். அடையாள அட்டைக்குப் பிறகு அவரை யாரும் படம் பிடித்ததில்லை. அந்தச் சின்னத் திரையில் தன் கார் மாலையும் திருநீறுமாக இறங்கி வருவதைப் பார்த்தபோது அவரே மறுபடி போட்டுக் காட்டச் சொன்னார். தன் படம் நாலு ஊருக்குப் போகவேண்டும் என்பதற்காக, அதில் தான் கொஞ்சம்கூடத் தெரியாமல் இருக்க ஒரு மனிதன் இத்தனை பாடுபட்டான்.

“டேய் மாப்ள, பஸ்ஸு வந்திருக்கும்டா.”

“ஒரு நிமிசம் மாமா. இப்ப விட்டா இந்தப் பனி கெடைக்காது. எல்லாம் சரி, ஸ்டியரிங்குல வெரலு மட்டுந்தான் தெரியுது.”

“வெரல எங்கடா கொண்டுபோயி வைக்க?”

அழகன் யோசித்தான். இந்த இனம் யோசிக்கும்போது முகத்தில் ஒரு கருணை வரும்.

“அப்ப ஒன்னு செய்ங்க. எறங்கிருங்க. ரோடு நேரா இருக்கிற தூரம் மட்டுந்தானே. அந்தப் பக்கமா கூடவே குனிஞ்சு நடந்து வாங்க, கமராவுக்குத் தெரியாது. வளைவு வர்றப்ப ஏறிக்கங்க.”

பார்த்தீர்களா? முதலில் முழங்கை, பிறகு மீசை, பிறகு துண்டு, பிறகு விரல். ஒரு மனிதனை ஓடுகிற காரிலிருந்து ஒரேயடியாக யாராலும் இறக்கமுடியாது. துண்டு துண்டாகத்தான் இறக்கவேண்டும். எடுத்த எடுப்பில் இறங்கு என்றிருந்தால் பழனியாண்டி செருப்பைக் கழற்றியிருப்பார்.

சந்தியில், பஸ் வந்து போய்விட்டிருந்தது. ராசம்மா கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மகனைப் பார்த்தார். திரும்பிப் போகிற பஸ் எப்போது என்று தேத்தண்ணிக் கடைக்காரரைக் கேட்டார். திலக்ஷன் அவசரமாக, “நடந்தே போயிரலாம்மா, கிட்டத்தான்” என்றான். அவனும் ஒரு போட்டோவைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தான்.

“போங்க, போங்க,” என்றார் கடைக்காரர். “மேல முனி கோயிலு இருக்கு, சூடத்தக் கொளுத்திட்டுப் போங்க. பனி எறங்குனா அது உலாப் போற நேரம்பாங்க.”

ராசம்மா அதைக் கேட்டுக்கொண்டார். தட்டில் வைக்கக் கொண்டுவந்த தேங்காயும் பழமும் சூடமும் பையில் இருந்தன. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

லயத்தில் வினோதாவுக்கு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பச்சைக் கார் உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது, சந்திக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அண்ணனை அறிந்தவள். தலையில் பூ ஒரு பக்கம் மட்டும் வைத்திருந்தபடியே, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினாள்.

இப்போது கார் வருகிறது.

பழனியாண்டி கூடவே குனிந்து நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு ஓடினார். இறக்கத்தில் விட்ட கார், ஆள் கூட வருகிறாரா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஈரத்தில் ஒரு செருப்பு வழுக்கியது. கதவுப் பிடி கையிலிருந்து போனது. இறங்கும்போது சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்திருந்த சவுக்குக் கட்டையைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, தன் காரைத் துரத்திக்கொண்டு அவர் வந்தார். கார் முன்னால், பனி நடுவில், அவர் பின்னால். மேட்டிலிருந்து பார்க்க அவர் தெரியவே இல்லை. அழகன் இத்தனை நேரம் கேட்டது அதுதான்.

வளைவில் ராசம்மா திரும்பினார்.

கோயில் திசையிலிருந்து, வெண்புகை போன்ற பனிக்குள், மாலையும் நெற்றித் திருநீறுமாக, சத்தமே இல்லாமல், ஓட்டுகிறவன் என்று ஒருவன் இல்லாமல், முனியாண்டி என்று கண்ணாடியில் எழுதிக்கொண்டு வந்தால் அது என்ன? வேறு ஊர்க்காரர் யாராக இருந்தாலும் கார் என்று நினைத்து ஓடியிருப்பார்கள். ராசம்மா மலைநாட்டில் பிறந்தவர். அவர் ஓடவில்லை. நடு ரோட்டில் மண்டியிட்டு, தேங்காயை வைத்து, சூடத்தைக் கொளுத்தி, எழுந்து, கண்ணை மூடிக் கைகூப்பினார்.

“அம்மா, காரும்மா!” என்று திலக்ஷன் பின்னாலிருந்து கத்தினான்.

“கும்புடுடா!” என்றார் அம்மா.

“சாமி இல்லீங்க!” என்று பனிக்குள்ளிருந்து பழனியாண்டி அலறினார். “அது என் காருங்க!”

உருவம் இல்லாமல் குரல் மட்டும் வந்தது. ராசம்மாவின் பக்தி இரட்டித்தது.

அந்த நேரம் அவருக்குக் கிட்ட நின்றவன் யார்? மேட்டில் அழகன். ஒரு குதி குதித்தால் அவரைத் தள்ளிவிட்டிருக்கலாம். அவனும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், யாரையும்விட நன்றாக, திரையில், ஓரம் வெட்டாமல். அவன் சொன்னது படத்தில் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

“கைய எறக்கிறாதீங்கம்மா. நல்லா விழுது.”

“அத்தே!” என்று ஒரு குரல் கேட்டது.

பெண் பார்க்கிற சடங்கு இன்னும் நடக்கவில்லை, வினோதா முந்திக்கொண்டாள். தேயிலைக்குள்ளிருந்து எதிர்ப்பக்கமாகக் குதித்து ஒரு கையைப் பிடித்தாள். ஓடி வந்த திலக்ஷன் மற்றக் கையைப் பிடித்தான். மூன்று பேரும் ஒன்றாகக் கானுக்குள் போய் விழுந்தார்கள். கார் சூடத்தை அணைத்து, தேங்காய்மேல் ஏறி அதைச் சரிபாதியாக உடைத்து, வளைவில் திரும்பாமல் நேரே போய், பாட்டன் காலத்துத் தேயிலைச் செடிகளின் தடித்த வாதுகளுக்கு நடுவே மூக்கைக் குத்தி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பள்ளத்துக்கு இன்னும் ஒரு வரிசை மிச்சம் இருந்தது.

முன் சக்கரம் ஒன்று காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பழனியாண்டி வந்து, கட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல், காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அச்சு முறிந்திருந்தது. அவர் தேயிலைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

மேட்டில் அழகனின் வாய் ‘இன்’ என்று தொடங்கியது. தங்கையின் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றது.

“சாமி எங்க?” என்று கானுக்குள்ளிருந்து ராசம்மா கேட்டார்.

“அந்தா தேயிலைக்குள்ள குந்தியிருக்கு,” என்றாள் வினோதா. “எந்திரிங்க, அடி பட்டிச்சா?”

ராசம்மா எழுந்து சேலையை உதறினார். இரண்டு தேங்காய்ப் பாதியையும் எடுத்துப் பார்த்தார். வெள்ளையாக, ஒரு பழுது இல்லாமல் இருந்தது. பிறகு தன் கையை இன்னும் விடாமல் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்தார்.

“அத்தேன்னு கூப்பிட்டது நீயா?”

வினோதா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

“கூப்பிட்டா கூப்பிட்டதுதான். பேச்சு மாறப்படாது,” என்றார் ராசம்மா. “நட, தேத்தண்ணியாவது சுடச்சுட இருக்கா பாப்போம்.”

தேத்தண்ணி சுடச்சுட இருந்தது. குடித்தபடியே எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். முதல் தரம் பார்த்தபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாம் தரம் சிரித்தார்கள். மூன்றாம் தரம் ராசம்மாவே, “கும்புடுற எடத்துல இருந்து போடு தம்பி, அதுல நான் நல்லா இருக்கேன்” என்றார். பழனியாண்டி மட்டும் கேட்கவில்லை. அவர் நாலு பேரையும் ஒரு கயிற்றையும் தேடிப் போயிருந்தார்.

வினோதா ஒரு தரம்தான் பார்த்தாள். முடியும்வரை பார்த்தாள்.

“அண்ணே,” என்றாள். “ஒங்க கை கொஞ்சங்கூட ஆடலையே.”

“பழக்கம்,” என்றான் அழகன். அவனுக்கு உள்ளம் குளிர்ந்தது. இத்தனை பேரில் தங்கைக்குத்தான் தொழில் நுணுக்கம் தெரிந்திருக்கிறது.

“என் கல்யாணத்துக்கு ஹட்டன்லேர்ந்து ஸ்டூடியோக்காரரக் கூப்பிடுங்க. நீங்க கமரா கொண்டாரக் கூடாது.”

“ஏன்டி? என்னையவிட அந்தாளு நல்லா எடுப்பானா?”

“எடுக்கமாட்டாரு. எனக்கு அதுதான் வேணும்.”

அவன் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டான். கல்யாணத்தன்று இரண்டு கையும் வெறுமையாக, எங்கே வைப்பதென்று தெரியாமல், பந்தலில் நின்றான். தாலி கட்டும்போது ஐயர் மறைத்தார். அவனால் ஒன்றும் செய்யமுடியவில்லை. பாவமாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

படம் நன்றாக ஓடியது. ஹட்டன் பஸ் நிலையத்தில் ஏறி, வட்டவளையில் இறங்கி, நுவரெலியா மரக்கறிச் சந்தையில் முட்டைக்கோவா மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் வரைக்கும் போனது. பழனியாண்டி அதில் எங்கும் தெரியவில்லை; அழகன் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தான். கார் ஏழெட்டு மாதம் கொட்டிலுக்குள் கிடந்தது. அவர் கொந்தரப்புக் கூலிக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனார். மீசை கொஞ்சம் இறங்கியது. வழியில் காண்கிறவர்கள், முனி ஓட்டிய கார் யாருடையது தெரியுமா என்று அவரிடமே கேட்டார்கள். “தெரியல தம்பி” என்றார்.

பிறகு ஒருநாள் அழகனின் போனுக்கு வேறொரு படம் வந்து சேர்ந்தது. எங்கோ ஒரு தோட்டத்தில், முனி ஓட்டிய காரைப் பார்த்துவிட்டு, ஒரு வேன் சாரதி அதேபோல இறக்கத்தில் வேனை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறான். வேன் போகிறது. அவன் ஓடுகிறான். ஏறப் பார்க்கிறான். கால் சக்கரத்துக்குள் போகிறது. அந்த இடத்தில் படம் குலுங்கி, வானம் தெரிந்து, புல் தெரிந்து, நின்றுபோகிறது. எடுத்தவன் போனைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அந்தச் சாரதி இப்போது கோலூன்றி நடக்கிறான், ஆனால் நடக்கிறான். கை ஆடிய அந்தப் படம்பிடித்தவன் சரியான நேரத்தில் சக்கரத்துக்குக் கட்டை போட்டதால் என்றார்கள்.

புடவைக்கடையில், மதியச் சோற்றுக்கு முன்னால், அழகன் அதை இரண்டு மூன்று தரம் போட்டுப் பார்த்தான். மனம் கேட்கவில்லை.

“கடைசி வரைக்கும் எடுக்கத் தெரியல பாருங்க,” என்றான் பக்கத்திலிருந்தவரிடம். “என்ன ஆளுங்க.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் மேட்டில் நிற்பவர் இல்லை. உங்களிடம் அப்படி ஒரு போன்கூட இல்லாமல் இருக்கலாம். ஒன்றே ஒன்று. அந்தப் பச்சைக் கார் பள்ளத்துக்குப் போகாமல் தேயிலைக்குள் நின்றுவிட்டது என்று வாசித்தீர்களே, அப்போது நிம்மதிக்குப் பக்கத்தில், மிகச் சின்னதாக, இவ்வளவுதானா என்று ஒன்று தோன்றியதா? தோன்றியிருந்தால் யாரிடமும் சொல்லவேண்டாம். மேட்டில் இடம் இருக்கிறது. அழகன் தள்ளி நின்று இடம் விடுவான். அந்த விஷயத்தில் நல்ல பையன்.